டயரில் பூத்த கோலங்கள்



வாசலில் இடும் கோலத்தை நாம் அனைவரும் அறிவோம். சேலைக் கரையில் ஓடும் மாங்காய் வேலைப்பாட்டையும், கோயில் தூணில் செதுக்கிய பூக்கொடியையும் கண்டு மகிழ்கிறோம். ஆனால், நாள்தோறும் நம் கண்முன்னே உருண்டோடும் ஒரு கோலத்தை நாம் நின்று நோக்குவதில்லை. மோட்டார் சைக்கிளிலும் லாரியிலும் டிராக்டரிலும் பூட்டிய டயரின்மேல் காணப்படும் வரிகளும் கட்டங்களும் வளைவுகளுமே அக்கோலம். மலாய் மொழியில் இதனைப் ‘புங்ஙா தாயார்’ என்பர். டயரின் பூ என்பது அதன் பொருள். அந்தப் பூ தேய்ந்து மறைந்த டயரையே நாம் ‘மொட்டை டயர்’ என்கிறோம்.

இந்தப் பூ அழகுக்காகப் பூத்ததா? பயனுக்காகப் பூத்ததா? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதனை வெறும் பொழுதுபோக்கு ஆராய்ச்சி என எண்ணிவிட வேண்டா. விடியுமுன் வேலைக்குப் புறப்படும் தந்தையின் உயிரும், பின்னிருக்கையில் அமர்ந்து பள்ளிக்கு வரும் பிள்ளையின் உயிரும் இதில் அடங்கியுள்ளன.

நம் கைகள் அறிந்த கோலம்

டயரின் கோலத்தைப் புரிந்துகொள்ள நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. பால்மரத்தை நினைத்துப் பார்த்தாலே போதும். 1877ஆம் ஆண்டில் இருபத்திரண்டு ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. பின்னர் 1888ஆம் ஆண்டில் அங்குள்ள தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பேற்ற ரிட்லி என்னும் அறிஞர், மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். தொடக்க காலத்தில் அவ்வெட்டு மீன்முள்ளைப் போல இருபுறமும் சரிந்த கோடுகளாக இருந்தது. பின்னாளில் அரைச்சுற்றாகச் சரிந்திறங்கும் ஒரே கோடாயிற்று.

அந்தக் கோட்டைக் காண்பவர் அதன் அழகை வியப்பர். பால் வெட்டியவருக்கோ அதன் பொருள் தெரியும். இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து அக்கோடு செல்வதற்குக் காரணம் உண்டு. பட்டைக்குள் பால் ஓடும் நுண்குழாய்கள் சற்றே சாய்ந்து ஓடுகின்றன. அவ்வாறு சரித்து வெட்டினால்தான் மிகுதியான குழாய்கள் அறுபடும். மேலும், வெட்டிய பள்ளம் சரிவாக இருந்தால்தான் பால் வழிந்து சிதறாமல் கோப்பைக்கு வந்து சேரும். பள்ளம் வெட்டித் திரவத்தை நாம் விரும்பும் வழியில் செலுத்துதல் என்னும் இக்கலையை நம் பாட்டனாரும் பாட்டியாரும் கைப்பழக்கமாகவே அறிந்திருந்தனர்.

மற்றொன்றும் நினைவுகூரத்தக்கது. உறையவைத்த பாலைக் கடைசியாக வரி வெட்டிய உருளையில் கொடுத்து அழுத்துவர். வெளிவரும் ஷீட்டின்மேல் வரிவரியாகக் கோலம் பதிந்திருக்கும். அஃது அலங்காரமாகத் தோன்றினும் அதன் வேலை வேறு. வரிகளால் ஷீட்டின் மேற்பரப்பு கூடுகிறது. ஆதலால் ஈரம் விரைவில் உலர்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் ஷீட்டுகள் எளிதில் ஒட்டிக்கொள்வதில்லை. ஆகவே, டயராக மாறும் முன்னரே ரப்பர் ஒரு கோலத்தைத் தாங்கிக்கொண்டுதான் தோட்டத்தைவிட்டுப் புறப்படுகிறது.

மொட்டையாகப் பிறந்த டயர்

டயர் முதன்முதலில் மொட்டையாகவே பிறந்தது என்றால் மாணவர்கள் வியப்படையக்கூடும். 1839ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் உடையாமலும் உறுதிபெறும் எனக் கண்டார். 1845ஆம் ஆண்டில் இராபர்ட் தாம்சன் என்பவர் காற்றடைத்த டயருக்குப் பிரிட்டனில் காப்புரிமை பெற்றார். அது மக்களிடையே பரவவில்லை. 1888ஆம் ஆண்டில் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி அதிராமல் ஓட வேண்டுமென்று காற்றடைத்த டயரைப் புதிதாக அமைத்துக் காப்புரிமை பெற்றார். அதுவே உலகெங்கும் பரவியது.

அக்காலத்து டயர்கள் வழவழப்பானவை. மிதிவண்டியின் மெதுவான ஓட்டத்திற்கு அது போதுமானதாக இருந்தது. மோட்டார் வண்டி வந்து வேகம் கூடியபோதுதான் தொல்லை தொடங்கிற்று. ஈரச் சாலையில் வண்டிகள் வழுக்கின. தோற்பட்டையில் எஃகு ஆணிகளை அடித்து டயரின்மேல் போர்த்திப் பார்த்தனர். 1904ஆம் ஆண்டில் ஜெர்மானிய நிறுவனமாகிய கான்டினென்டல், வரிக்கோலம் பதித்த கார் டயரை வெளியிட்டது. 1908ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் செய்த வேலையோ நகைப்பும் வியப்பும் தரக்கூடியது. தன் பெயரையும், ‘வழுக்காதது’ எனப் பொருள்படும் சொற்களையும் பெரிய எழுத்துகளாகச் சாய்த்து டயரின்மேலேயே அது வார்த்துவிட்டது. எழுத்துகளின் விளிம்புகள் தரையைப் பற்றிக்கொண்டன. அதே வேளையில், புழுதிச் சாலையில் வண்டி சென்ற வழியெல்லாம் நிறுவனத்தின் பெயர் அச்சாகிக் கொண்டே சென்றது. பிடிப்பும் விளம்பரமும் ஒருங்கே கிடைத்தன! குட்இயர் நிறுவனத்தார் சாய்சதுரக் கட்டங்களை அடுக்கித் தம் டயருக்குத் தனி முகம் கொடுத்தனர். தடத்தைப் பார்த்தே இஃது இன்னாருடைய டயர் என்று சொல்லும் நிலை உண்டாயிற்று.

இக்கோலங்களைக் கையால் செதுக்குகின்றனர் என எண்ணிவிடலாகாது. அச்சு முறுக்குச் செய்யும்போது அச்சில் உள்ள பூவே முறுக்கின் வடிவாகிறது அல்லவா? அதுபோலவே, வேகாத டயரை இரும்பு அச்சுக்குள் வைத்து, உள்ளிருந்து அழுத்தி, ஏறத்தாழ 150 பாகை வெப்பத்தில் வேகவைக்கின்றனர். அச்சில் மேடாக இருப்பது டயரில் பள்ளமாகிறது. பள்ளமாக இருப்பது மேடாகிறது.

மழைநீரும் டயரும்

இனி, கோலத்தின் பயனைக் காண்போம். உலர்ந்த சாலையில் பூ இல்லாத டயரே நன்றாகப் பற்றும். தரையைத் தொடும் ரப்பரின் அளவு அதில் மிகுதி. அதனாலேயே கார்ப் பந்தயங்களில் உலர்ந்த தடத்திற்கு மொட்டை டயர்களைப் பூட்டுகின்றனர். ஆனால், மழை பெய்தவுடன் அவற்றைக் கழற்றிவிட்டுப் பள்ளங்கள் கொண்ட டயர்களை மாட்டுவர். ஏன்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டயரின் அகலம் 20 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். சாலையில் 2 மில்லிமீட்டர் உயரத்திற்கு நீர் நிற்கிறது. கார் மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 20 மீட்டர் ஓடுகிறது. அந்த டயர் ஒரே வினாடியில் விலக்க வேண்டிய நீர் எவ்வளவு? 0.2 மீட்டரை 0.002 மீட்டராலும், பின்னர் 20 மீட்டராலும் பெருக்கினால் 0.008 கன மீட்டர் கிடைக்கும். அஃதாவது 8 லிட்டர்! ஒரு சிறு வாளி நீரை ஒவ்வொரு வினாடியும் ஒரே டயர் அள்ளி ஒதுக்க வேண்டும். கார் டயர் தரையைத் தொடும் இடமோ ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவுதான். மோட்டார் சைக்கிளில் அஃது இன்னும் சிறியது. தரையின் ஒரு புள்ளியை டயர் கடக்கும் நேரம், ஒரு வினாடியை நூறாகப் பகுத்தால் வரும் ஒரு பங்கினும் குறைவு. அந்நேரத்திற்குள் நீர் ஓடிவிட வேண்டும்.

ஓடுவதற்கு வழி வேண்டாவா? அவ்வழியே டயரின் பள்ளம். சுற்றிச் செல்லும் நெடும் பள்ளங்கள் நீரை வாங்கிப் பின்னே தள்ளுகின்றன. சரிந்து செல்லும் பள்ளங்கள் அதனைப் பக்கவாட்டில் வெளியேற்றுகின்றன. பட்டையில் வெட்டிய கோடு பாலைக் கோப்பைக்குக் கொண்டு செல்வதும், டயரில் வார்த்த கோடு நீரை ஓரத்திற்குக் கொண்டு செல்வதும் ஒரே தத்துவம்தான்.

வழி அடைபட்டால் என்ன நேரும்? நீர் டயருக்கு அடியில் ஆப்புப் போலப் புகுந்து அதனைத் தூக்கிவிடும். டயர் அப்போது சாலையைத் தொடாமல் நீரின்மேல் மிதக்கும். கைப்பிடியைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. பிரேக்கை அழுத்தினாலும் நிற்காது. விமானச் சக்கரங்களை ஆராய்ந்த நாசா அறிவியலாளர்கள் 1960களில் ஒரு விதியைக் கண்டனர். நீரின் ஆழம் டயரின் பள்ளத்தை மிஞ்சும்போது, டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் அதன் காற்றழுத்தத்தைப் பொறுத்தது என்பதே அவ்விதி. 36 பவுண்டு காற்றுள்ள டயர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கும். காற்று 25 பவுண்டாகக் குறைந்தால் 83 கிலோமீட்டர் வேகத்திலேயே மிதக்கத் தொடங்கும். பள்ளம் ஆழமாக இருந்தால் அந்நிலை எளிதில் வாராது. காற்றும் குறைந்து பூவும் தேய்ந்துவிட்டால் ஆபத்து இரட்டிப்பாகும் என்பதை இதிலிருந்து உணரலாம்.

மோட்டார் சைக்கிள் டயர் குறுகலாகவும் உருண்டையாகவும் இருப்பதால், கார் டயரைவிட நன்றாக நீரைக் கிழித்துச் செல்லும். ஆயினும் அதற்கு இரண்டே சக்கரங்கள். ஒன்று வழுக்கினாலும் வண்டி சாயும்.

பல வேலை, பல கோலம்

எல்லா வண்டிக்கும் ஒரே கோலம் பொருந்தாது. லாரியின் முன்சக்கரங்களில் பெரும்பாலும் நேர்வரிகள் சுற்றிச் செல்வதைக் காணலாம். வண்டியை நேராகச் செலுத்தவும், எளிதாக உருளவும் அவை உதவுகின்றன. இழுக்கும் பின்சக்கரங்களில் தடித்த கட்டங்களும் குறுக்குப் பள்ளங்களும் இருக்கும். அவை தரையைக் கவ்வி உந்துகின்றன.

டிராக்டரின் பெரிய சக்கரத்தைப் பாருங்கள். மீன்முள் போன்ற தடித்த மேடுகள் அம்புமுனையாகச் சாய்ந்து நிற்கும். 1932ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவில் டிராக்டருக்குக் காற்றடைத்த டயர் பூட்டி விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் இரும்புச் சக்கரங்களே இருந்தன. சேற்றில் இம்மேடுகள் மண்வெட்டியைப் போல ஊன்றிக்கொள்கின்றன. சக்கரம் சுழலும்போது இடையில் சிக்கிய சேறு சரிவின் வழியே வெளியே தள்ளப்படுகிறது. மாற்றிப் பூட்டினால் சேறு எளிதில் வெளியேறாமல் அப்பிக்கொள்ளும், இழுவையும் குறையும். மோட்டார் சைக்கிள் டயரின் பக்கச் சுவரிலும் உருளும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். அதனைப் பார்த்தே பூட்ட வேண்டும்.

பெரிய பள்ளங்களுக்கு இடையே கத்தியால் கீறியது போன்ற மெல்லிய கீறல்களையும் காணலாம். 1923ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜான் சைப் என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். இறைச்சிக்கூடத்தின் ஈரத் தரையில் வழுக்காமலிருக்கத் தம் காலணியின் ரப்பர் அடியில் கீறிப் பார்த்ததே இதன் தொடக்கம் என்று கூறுவர். ஒரு தொழிலாளி தம் தொல்லைக்குத் தாமே கண்ட வழி இன்று உலகத்து டயர்களில் எல்லாம் பதிந்திருப்பது நமக்குப் பெருமையும் ஊக்கமும் தருவதாகும்.

ஓசைக்கும் கோலத்திற்கும்கூடத் தொடர்பு உண்டு. எல்லாக் கட்டங்களும் ஒரே அளவாக இருந்தால், அவை தரையில் ஒரே சீராக மோதி வண்டு ரீங்காரமிடுவது போல ஓசை எழுப்பும். ஆதலால் கட்டங்களைச் சிறிதும் பெரிதுமாகக் கலந்து அடுக்குகின்றனர். ஓசை பல சுதிகளாகப் பிரிந்து மென்மையடைகிறது. ஒரே அளவெனத் தோன்றும் கட்டங்களை அளவுகோல் வைத்து அளந்தால் இவ்வுண்மையை மாணவர்களே கண்டறியலாம்.

அழகுக்கும் உரிமை உண்டு

அவ்வாறாயின் எல்லாம் பயன்தானா, அழகுக்கு இடமே இல்லையா எனக் கேட்கலாம். இடம் உண்டு. நீரை வெளியேற்றப் பள்ளம் வேண்டும் என்பது இயற்கையின் கட்டளை. ஆனால் அப்பள்ளம் மின்னலைப் போல மடியலாம், அலையைப் போல வளையலாம், இலை நரம்பைப் போலக் கிளைக்கலாம். ஒரே வேலையைச் செய்யும் பல வடிவங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது ஓவியனின் கண்ணே ஆகும். பன்னிரண்டு புள்ளிக்குப் பல கோலம் இடலாம் என்பதை நம் தாய்மார் அறிவர்.

சட்டமும் இதனை ஏற்றுக்கொள்கிறது. அமெரிக்காவில் 1842ஆம் ஆண்டு முதலே பொருள்களின் அலங்கார வடிவிற்குக் காப்புரிமை வழங்கப்படுகிறது. அங்கே டயரின் பூவிற்கும் அவ்வுரிமை பெறுகின்றனர். நம் நாட்டின் 1996ஆம் ஆண்டுத் தொழில்துறை வடிவமைப்புச் சட்டம் 1999 செப்டம்பர் முதல் நாள் நடப்பிற்கு வந்தது. கண்ணுக்குத் தோன்றும் வடிவம், கோலம், அலங்காரம் ஆகியவற்றிற்கு அது காப்பளிக்கிறது. பொருளின் வேலை ஒன்றினாலேயே கட்டாயமாகும் வடிவத்திற்குக் காப்பில்லை. பயனை எவரும் தமக்கே உரியதென இவ்வழியில் பூட்டிவைக்க முடியாது. அழகை மட்டுமே காத்துக்கொள்ளலாம் என்பது இதன் கருத்து.

1998ஆம் ஆண்டில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தீர்ப்பான ஒரு வழக்கு சுவையானது. லாரி டயரின் பூவைப் பின்பற்றிவிட்டதாகக் குட்இயர் நிறுவனம் ஹெர்குலிஸ் என்னும் டயர் நிறுவனத்தின்மீது வழக்கிட்டது. இரண்டு கோலங்களும் ஒன்றெனத் தோன்றுகின்றனவா என்பதை யாருடைய கண்கொண்டு முடிவு செய்வது? வழியில் போகும் யாரோ ஒருவருடைய கண்ணன்று; அந்த டயரை வாங்கும் லாரி ஓட்டுநரும் லாரிகள் வைத்து நடத்துபவரும் காணும் கண்ணே அளவுகோல் என்று கொள்ளப்பட்டது. அக்கண்ணுக்கு இரண்டும் வேறாகவே தோன்றும் எனக் கூறி வழக்குத் தள்ளுபடியாயிற்று. உழைப்பவரின் கண் நுட்பமானது என்பதை ஒரு நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது அன்றோ?

பொய்க் கோலம்

அக்கண்ணை நாம் நம் சொந்த வண்டியின்மேல் திருப்ப வேண்டும். புதிய கார் டயரில் பள்ளம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். பல நாடுகளில் காருக்குச் சட்டம் விதிக்கும் குறைந்த ஆழம் 1.6 மில்லிமீட்டர். பள்ளத்தின் அடியில் குறுக்கே சிறு மேடுகள் வார்க்கப்பட்டிருக்கும். அவை இருக்குமிடத்தைப் பக்கச் சுவரில் ஒரு சிறு முக்கோணமோ எழுத்தோ காட்டும். பூ தேய்ந்து அம்மேட்டோடு சமமானால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள்.

தேய்ந்த லாரி டயருக்கு முறைப்படி புதிய ரப்பர் ஒட்டி வேகவைப்பது ஒரு தொழில். ‘செலுப்’ டயர் என மக்கள் கூறுவது அதுவே. சில லாரி டயர்களில் மட்டும், மீண்டும் பள்ளம் வெட்டுவதற்கென்றே அடியில் கூடுதல் ரப்பர் வைத்து, அதனைப் பக்கச் சுவரில் குறித்தும் இருப்பர். ஆனால், மொட்டையாகிவிட்ட கார் டயரையோ மோட்டார் சைக்கிள் டயரையோ எடுத்துச் சூட்டுக் கத்தியால் பூ வெட்டி விற்பது வேறு. அங்கே புதிய ரப்பர் ஏதும் சேர்வதில்லை. எஞ்சிய மெல்லிய தோலும் அறுபடுகிறது. உள்ளிருக்கும் நூலடுக்கு வலுவிழக்கிறது. பார்வைக்குப் பூ, உள்ளே வெடிப்பு! இதனையே நாம் பொய்க் கோலம் என்கிறோம். மெய்யான கோலம் உயிரைக் காக்கும். பொய்க் கோலம் கண்ணை மயக்கி உயிரை வாங்கும். விலை மலிவு என்று பழைய டயர் வாங்குவோர் பக்கச் சுவரின் நான்கு இலக்கங்களையும் பார்க்க வேண்டும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பூ ஆழமாக இருந்தும் ரப்பர் முதுமையால் வெடித்திருக்கக்கூடும்.

சென்ற ஆண்டு நம் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு பயிற்சி தந்தோம். வீட்டில் உள்ள வண்டியின் டயர்மேல் வெள்ளைத் தாளை வைத்து, மெழுகு வண்ணக்கோலால் தேய்த்துக் கோலத்தைப் படியெடுத்து வருமாறு கூறினோம். மறுநாள் வகுப்புச் சுவரில் அலைகளும் அம்புகளும் கட்டங்களும் வரிசையாகத் தொங்கின. ஒரு சிறுவன் மட்டும் தாளைக் காட்டத் தயங்கி நின்றான். வாங்கிப் பார்த்தோம். தாள் முழுவதும் நீல வண்ணமே. ஒரு கோடும் இல்லை. “நல்லாத்தான் தேய்ச்சேன் ஐயா, எங்கப்பா வண்டியில பூ வரவே இல்ல” என்றான். அவன் தேய்த்ததில் குறையில்லை என்று கூறி, அத்தாளைத் தந்தையிடமே காட்டச் சொன்னோம். நாங்கள் வேறொன்றும் எழுதி அனுப்பவில்லை. சம்பளம் போட்ட வாரமே பின்டயர் மாற்றப்பட்டது. பையன் புதிய படியெடுப்பை ஓட்டமாக வந்து நீட்டினான். அதில் அலையலையாகப் பூத்திருந்தது.

மலேசியச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் செல்வோரே. எல்லா விபத்தும் டயரால் நேர்வதன்று. ஆயினும் நம் கையால் தடுக்கக்கூடியது எதுவோ, அதனையேனும் தடுப்பது நம் கடமையன்றோ? புதிய டயரின் விலை ஏழைக் குடும்பத்திற்குச் சுமையே என்பதை நாம் அறியாதவரல்லோம். மருத்துவமனைப் படுக்கையில் இழக்கும் மாதச் சம்பளத்தோடு அதனை ஒப்பிட்டுப் பார்க்குமாறு பணிவோடு வேண்டுகிறோம்.

இன்று பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை நிற்கிறது. ஆயினும் உலகத்து இயற்கை ரப்பரில் பெரும்பகுதி இன்றும் டயராகவே மாறுகிறது. பாரம் சுமக்கும் லாரிக்கும், தரையிறங்கும் விமானத்திற்கும் இயற்கை ரப்பரே மிகுதியாகச் சேர்க்கப்படுகிறது; கடும் உழைப்பில் அது சூடேறுவது குறைவு என்பதே காரணம். நம் முன்னோர் விடியற்கருக்கலில் சிம்னி விளக்கோடு மரத்துக்கு மரம் நடந்து இட்ட கோட்டின் பயன் இன்றும் உலகைத் தாங்கி உருண்டுகொண்டிருக்கிறது.

எனவே, மாணவச் செல்வங்களே! வாரம் ஒருமுறை தந்தையார் வண்டியின் டயரைக் குனிந்து பாருங்கள். பள்ளத்தில் கல் சிக்கியிருந்தால் சொல்லுங்கள். பூ தேய்ந்திருந்தால் தயங்காமல் எடுத்துரையுங்கள். பெற்றோர்களே! பிள்ளை சொல்லும்போது சினவாமல் செவிசாயுங்கள். மழைக்காலம் வருமுன் காற்றையும் பூவையும் சரிபாருங்கள். பள்ளிக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும், வேலைக்குச் செல்லும் ஒவ்வொரு பெற்றோரும் நலமே வீடு திரும்ப வேண்டும் என்பதே எங்கள் வேண்டுதல்.

வாழ்க நலம்! வளர்க அறிவு!